எண்ண முடியாத பெயர்ச்சொல்

கடைசி பெஞ்சில் எனக்கு இடம்.
யாரோ காம்பஸால் குடைந்த இதயத்தின் மேல்
படிவத்தை வைத்தேன்.
பதினான்கு கட்டங்கள்,
கட்டத்துக்கு ஐந்து மதிப்பெண்,
அடியில் என் கையெழுத்துக்கு ஒரு கோடு.

மணல்மேடு, ஐப்பசி, ஏழாம் வகுப்பு ஆ பிரிவு.
மரிசெல் மிஸ் வந்து மூன்று மாதம்.
மணிலாவுக்கு வடக்கே ஏதோ ஊர்.
எனக்காகப் புடவை கட்டியிருந்தாள்,
கொசுவம் ஒரு பக்கம் சரிந்திருந்தது.
குரலில் ஒன்றுமில்லை.
சாக்பீஸ் பிடித்த விரல் மட்டும்
நான் உட்கார்ந்திருப்பதை மறக்கவில்லை.

பாடம்: எண்ணக் கூடியவை, எண்ண முடியாதவை.
ஒன் பனானா, டூ பனானாஸ்
என்று முப்பத்தாறு தொண்டைகள்.
பிறகு அட்டைகளைத் தூக்கிக் காட்டினாள்.
வயல். ரைஸ்.
சாக்கு. ரைஸ்.
ஆவி பறக்கும் தட்டு. அதுவும் ரைஸ்.
ரைஸஸ் என்று சொல்லக் கூடாது, எண்ண முடியாது.

"நாப்பத்திரெண்டு மூட்டை மிஸ்."
எழுந்தவள் தையல்நாயகி.
தமிழில் பேசினாள்
(அதற்கொரு கட்டம் உண்டு, குறித்தேன்).
"பதினோரு நாளா எங்கப்பா
கொள்முதல் நிலையத்துல ரைஸோட படுத்திருக்காங்க.
ஈரம் பதினேழுக்கு மேலயாம், எடுக்க மாட்டேங்கறாங்க.
அம்மாவும் அங்கதான்.
ராத்திரி எங்க வீட்ல ரைஸ் ஆக்கல.
ரெண்டும் ஒரே ரைஸா மிஸ்?"

முதல் பெஞ்சு வதூத் மொழிபெயர்த்தான்:
ஹெர் ஃபாதர் ஸ்லீப்பிங் வித் ரைஸ்.
வகுப்பு சிரித்தது.
எனக்கும் உதடு கொஞ்சம் போயிற்று.

நெல்லுக்கு பேடி என்றொரு சொல் உண்டு.
இங்கிலீஷ்காரன் மலாய்க்காரனிடம் வாங்கியது,
திருப்பித் தரவில்லை.
எழுந்து சொல்லியிருக்கலாம்.
பார்வையாளர் குறுக்கிடக் கூடாது
என்று படிவத்தின் தலையிலேயே அச்சிட்டிருக்கிறது.

மரிசெல் பாடத்திட்டத்தைப் பார்த்தாள்,
கடிகாரத்தைப் பார்த்தாள்,
என்னைப் பார்க்காமல் பலகையைத் துடைத்தாள்.
வயல் அட்டையைக் காட்டி
பாலாய், என்றாள்.
பால் பிடிக்கிற பருவம் என்று நினைத்துப்
பின்வரிசைப் பையன்கள் தலையாட்டினார்கள்.
சாக்கைக் காட்டி, பிகாஸ்.
"பிகாஸ்னா ஏனென்றால்தானே மிஸ்?"
அவளுக்குப் புரியவில்லை, ஆனாலும் சிரித்தாள்.
தட்டைக் காட்டி, கானின்.
எங்கள் வீட்டில் இப்படித்தான், என்றாள் இங்கிலீஷில்,
மூன்றும் வேறு வேறு.
சாக்பீஸைத் தையல்நாயகியிடம் நீட்டினாள்.

நெல்.
அரிசி.
மூன்றாவதை எழுதுமுன் அவள் சற்று நின்றாள்.
சோறு.

மரிசெல் வாசித்தாள்: சோரு.
இல்ல மிஸ், சோறு.
சோரு.
நாக்கை மடிங்க மிஸ், றூ, றூ,
வகுப்பு முழுதும் ஒரே உறுமல்,
அடுத்த அறைக் கணக்கு வாத்தியார் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அப்போது தகரத்தில் மழை விழுந்தது.
முதலில் நாலைந்து துளி,
பிறகு கொட்டு.
முப்பத்தாறு தலைகளில் பாதி
பலகையை விட்டு மேற்கே திரும்பின,
கொள்முதல் நிலையம் இருக்கும் பக்கம்.
வதூத்கூடத் திரும்பினான், அவன் அப்பாவுக்குச் செருப்புக் கடை.
ஆறாவது கட்டம்: மாணவர் கவனம்.
பேனாவை வைத்துக்கொண்டு
என்ன எழுதுவதென்று இருந்தேன்.

மணி அடித்ததும் அருகில் வந்தாள்.
மதிப்பெண் கேட்பாள் என்று
பதில் ஒன்று தயாராக வைத்திருந்தேன்.
அந்த ஈரம் பார்க்கிற மெஷின்
எப்படி இருக்கும், என்றாள்.

சின்னது, என்றேன். கையில் அடங்கும்.
ஒரு பிடி போட்டால் போதும்,
ஓர் எண்ணைக் காட்டும்.

அப்படியா என்று
என் மடியிலிருந்த தாளைப் பார்த்தாள்.