குறையாமல்

பரதராமிக்கு வடக்கே, சித்தூர் ரோட்டில்
மாங்கூழ் ஆலையின் எடைமேடை அறை.
ஜூன் முழுக்க எனக்கு ராத்திரி ஷிப்ட்.
லாரி வரும். மாதிரிக்கு ஆறு கிளிமூக்கு அறுப்பார்கள்.
ஒரு சொட்டுச் சாறு கண்ணாடியில் விழும்,
இனிப்பு ஓர் எண்ணாகி என் திரைக்கு வரும்.

மிச்சத்தை ஸ்கிரிப்ட் பார்த்துக்கொள்ளும்,
நான் எழுதியது, பதினோரு வரி:
இனிப்பு பதினாலுக்கு மேல் என்றால் உள்ளே,
இல்லாவிட்டால் வெளியே.
'இல்லாவிட்டால்' எவ்வளவு பெரிய கிடங்கு என்று
அப்போது தெரியாது.

செவ்வாய்க்கிழமை ஏழு லாரி திரும்பியது.
ஏழிலும் சரியாகப் பதினாலு.
முனிரத்தினம் கேபினைவிட்டு இறங்கவில்லை,
ஆரன் மட்டும் அடித்தான், ஒருமுறை, நீளமாக.
பிறகு ஏழும் புளியமரங்களின் கீழ் வரிசைகட்டின.

வியாழன் இரவு கொள்முதல் சுற்றறிக்கையை மறுபடி எடுத்தேன்.
தெலுங்கில் இருந்தது: தக்குவ காகுண்டா.
குறையாமல்.
நான் அதை 'மேல்' என்று படித்திருக்கிறேன்.
இரண்டு மொழியும் தெரியும் என்றுதான்
இந்த வேலையே கொடுத்தார்கள்.

'மேல்' திண்டில் ஏறி நிற்பவனை மட்டும் எண்ணும்.
'குறையாமல்' வாசற்படியில் கால் வைத்தவனையும் கூப்பிடும்.
நடுவில் இருப்பது ஒரு சமக்குறி,
இரண்டு கோடு, ஒரே விசை.

தூக்கக் கலக்கத்தில் திருத்தப்போய்
பழைய குறியை அழித்துச் சமக்குறியை மட்டும் வைத்தேன்.
ஒற்றைச் சமக்குறி கேட்பதில்லை, ஆக்கிவிடும்.
பத்தொன்பதும் பதினாலு, பதினொன்றும் பதினாலு,
காலி லாரியும் பதினாலு.
ஒரு நிமிடம் ஆலை முழுக்க ஒரே இனிப்பு.
அழகாய்த்தான் இருந்தது.
கோப்பை மீட்டு, இரண்டையும் சேர்த்துப் போட்டேன்:
மேல், அல்லது சமம்.

விடிந்ததும் நானே போய் ஏழையும் உள்ளே விடச் சொன்னேன்.
"மறுபடி அறுக்கணும்" என்றாள் ஆய்வகத்து லலிதகுமாரி.
அறுத்தாள்.
பதினைந்தே கால். பதினாறு. பதினைந்தரை.
மூன்று நாள் வெயிலில் நின்று காய் பழுத்திருந்தது.
பழைய ஸ்கிரிப்டே உள்ளே விட்டிருக்கும்.
என் தவறு இனி எந்தக் கோப்பிலும் இல்லை.

ஐந்து லாரி எடைமேடை ஏறியது.
இரண்டில் தார்ப்பாய்க்குக் கீழே சாறு ஒழுகி
டயர் வரை ஈ.
ஒன்று முனிரத்தினத்துடையது.
"இப்ப இனிக்குதா?" என்றான், இறங்கி வந்து.

திருப்பி அனுப்பும் சீட்டில்
காரணம் என்றொரு கட்டம் உண்டு.
அதை ஸ்கிரிப்ட் நிரப்பாது.
பேனா எழுதவில்லை, உதறினேன்,
மறுபடி உதறினேன்.