அசைக்காத நிமிடங்கள்

குளியலறைச் சன்னலுக்குக் கறுப்புத் துணி,
கதவிடுக்குக்குப் பழைய கம்பளம்.
சானா ஆறி மூன்று நாளாகிறது.
பலகையில் இன்னும் பிர்ச் இலை மணம்.

பத்து மில்லி இது, பத்து மில்லி அது,
ஒன்றரை லிட்டர் காய்ச்சி ஆற்றிய கிணற்றுத் தண்ணீர்.
கையுறை கட்டாயம். இந்த மருந்து
நகத்தைப் பழுப்பாக்கும்,
அதற்கு மேல் என்ன செய்யும் என்பதற்குப்
புட்டியில் ஒரு மண்டையோடு.

விளக்கை அணைத்தேன்.
நான்கு சட்டங்களில் நான்கு பிலிம் தாள்கள்,
தொட்டிக்குள் நெட்டுக்குத்தாய்.
முதல் ஒன்றரை நிமிடம்
தூக்கி, சாய்த்து, இறக்கி, சட்டை அலசுகிற மாதிரி.
பிறகு கையை எடுத்துவிட வேண்டும்.
பன்னிரண்டாம் நிமிடம் பத்து நொடி.
இருபத்துநாலில் பத்து நொடி.
முப்பத்தாறில் முடிந்தது.
நடுவில் சும்மா இருப்பதற்குத்தான்
பாதி ஆயுள் பழகினேன்.

படத்தில் இருப்பது:
வெயிலில் என் பனிவெளி.
தைஸ்தோவின் ஸ்ப்ரூஸ் மரங்கள், நிழலோடு.
ஏரிக்கரையில் அவனுடைய புதிய படகுக் கொட்டகை,
ஒன்றரை மீட்டர் என் மண்ணில் கால் நீட்டி.
எல்லைக்கல்லைக் காணோம்.
"பார்த்ததும் புரிகிற மாதிரி ஒன்று எடுங்கள்"
என்றார் மிக்கேலி வக்கீல்.

எட்டாம் நிமிடம் கதவு தட்டும் சத்தம்.
"இர்மெலி."
மூன்று குளிர்காலமாய் என் பெயரைச் சொல்லாத குரல்.
"திறக்க முடியாது."
"ஒளிந்திருக்கிறாயா?"
"வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும்."
"அப்படி என்ன செய்கிறாய்?"
"ஒன்றும் செய்யவில்லை."
வெளியே பெஞ்சு முனகியது.
உட்கார்ந்துவிட்டான்.

பன்னிரண்டு. பத்து நொடி அசைத்தேன்.
"தண்ணீர்ச் சத்தம்," என்றான்.
"ஆமாம்."
கூரையிலிருந்து பனி சொட்டிக்கொண்டிருந்தது.

தொட்டிக்குள் இந்நேரம்
பனி பதிந்த இடத்தில் மருந்து வேகவேகமாய் உழைத்துக்
களைத்து, அங்கேயே நிற்கும்.
மரநிழலில் வேலை கொஞ்சம், மருந்து மிச்சம்.
அசைத்தால் எல்லாம் கலந்து ஒன்றாகும்.
விட்டுவைத்தால்
விளிம்பில் மட்டும் கொடுக்கல் வாங்கல்:
மிச்சம் அந்தப் பக்கம் கசியும்,
களைப்பு இந்தப் பக்கம்.

"கல்லை நான் பிடுங்கவில்லை," என்றான் திடீரென்று.
"தொண்ணூற்றெட்டில் பனி தள்ளும்போது
டிராக்டர் பிளேடில் ஏதோ இடித்தது.
இறங்கிப் பார்க்கவில்லை.
குளிர் மைனஸ் முப்பது. வீட்டில் காபி சூடாக இருந்தது."
கொஞ்ச நேரம் கழித்து:
"பார்த்திருக்கலாம்."

என்ன சொல்வது என்று தேடிக்கொண்டிருந்ததில்
இருபத்துநாலு போய்விட்டது.
மணி அடித்திருக்கும்.
பச்சை முள் முப்பத்தொன்றில் நின்றது.
இனி அசைத்துப் பயனில்லை. விட்டுவிட்டேன்.
அவனும் பேசவில்லை.
"முடிந்ததா?"
"இல்லை."
"இருக்கிறேன்."

தண்ணீர், ஹைப்போ, மறுபடி தண்ணீர்.
விளக்கைப் போட்டுக் கதவைத் திறந்தால்
தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறான்.
இவ்வளவு நரைத்திருப்பான் என்று நினைக்கவில்லை.

இந்த நெகடிவைக் கண்ணால் நம்பக் கூடாது.
மெலிந்து, தேநீர் கொட்டித் துடைத்த கண்ணாடி மாதிரி இருக்கும்.
ஆனால் அந்தக் கறைதான் அச்சில்
பனியை வெறும் வெள்ளையாய் ஓடவிடாமல் பிடிக்கும்,
காற்று சீவிய ஒவ்வொரு மேட்டையும்.

மூன்றாவது தாளைச் சன்னலுக்கு எதிரே தூக்கினான்.
"இதோ கோடு!"
பனிக்கும் மரத்துக்கும் நடுவே, மயிரிழை அளவு.
"தரையில் இப்படி ஒன்றும் கிடையாதே."
"கிடையாது. அசைக்காததால் வந்தது."
"யார் பக்கம் இது?"
இரண்டு பேரும் கண்ணைச் சுருக்கிப் பார்த்தோம்.
கொட்டகையைச் சுற்றியும் ஓடியது அது,
ஒவ்வொரு மரத்தையும் சுற்றி,
ராத்திரி கடந்துபோன நரியின்
ஒவ்வொரு காலடியையும் சுற்றி.

ஈர ஓரத்தில் அவன் கட்டைவிரல் பதிந்துவிட்டது.
அச்சில் வானத்தில் வரும்.
திட்டினேன். மன்னிப்புக் கேட்டான்,
விரலுக்கு மட்டும்.

வழக்கு ஜூனில்.
பனி இறங்கியதிலிருந்து கல்லைத் தேடுகிறோம்,
அவன் அவன் பக்கமிருந்து கடப்பாரையோடு,
நான் என் பக்கமிருந்து.
கையுறையில் ஓட்டை இருந்திருக்கிறது.
சுண்டுவிரல் நகம் இன்னும் பழுப்பு.