ஏசித் தண்ணீர்

குதைபியா. இரவு ஒன்றரை.
இன்னும் முப்பத்தாறு டிகிரி.

வெள்ளை பஜேரோ இப்போதுதான் வந்து நின்றது.
தொடமாட்டேன். சக்கரம் ஆறட்டும்.
சூட்டில் தண்ணீர் பட்டால்
உப்பு அங்கேயே குடியேறிவிடும்,
அதற்கு விசா வேண்டாம்.

குழாய்த் தண்ணீரை நம்பிய முதல் வாரம்
பத்து ஆரத்திலும் தேமல்.
அந்த மாதம்
இரண்டு தினார் பிடித்துக்கொண்டார் ஷெரின் மேடம்.

வினிகரில் துணி நனைத்து ஒற்றினேன்.
மூன்றே நிமிடம்.
விட்டால் பளபளப்பையும் தின்றுவிடும்.
புள்ளி போனது.
நாலு நாள் சோற்றில் ஊறுகாய் வாடை,
ஊறுகாய் இல்லாமலே.

பின்சுவரில் ஏசிக் குழாய்க்குக் கீழே
யாரோ போட்டுப்போன கறுப்பு வாளி.
சொட்டு தெறித்துக் காய்ந்த இடத்தில்
ஒரு தடம்கூட இல்லை.
விரலால் தடவிப் பார்த்தேன்,
நாக்கிலும் வைத்துப் பார்த்தேன்.
ருசியே இல்லாத தண்ணீர்.

அன்றிலிருந்து நாலு வாளி.
மூன்றாம் மாடியின் சண்டை,
அடுத்த வீட்டுப் பிள்ளையின் காய்ச்சல்,
கண்ணாடிக்குள் தூங்கும் மேடம் விட்ட மூச்சு
எல்லாம் குளிர்ந்து, சொட்டி,
அவர் சக்கரத்தையே கழுவுகிறது.
அவருக்குத் தெரியாது. கணக்கிலும் வராது.

கடைசி வாளி எங்கள் அறையிலிருந்து கொண்டுவருவது.
பதினொரு பேர், ஒரு ஏசி.
மற்ற மூன்றும் பாதி ஏறுவதற்குள்
அது வழிந்துவிடும்.

முன் இடது சக்கரம்,
ஸ்டியரிங் பக்கம்,
அவர் இறங்கும்போது பார்வை படுகிற இடம்.
அதற்கு மட்டும்
எங்கள் தண்ணீர்.