சொப்பு

பீன்யா இரண்டாம் கட்டம், மூடிய பிளேட்டிங் பட்டறை.
தகரத்தைக் கழற்றி எடைக்குப் போட்டுவிட்டார்கள்,
தொட்டிகளையும்.
தொட்டி நின்ற மண் மட்டும் விலை போகவில்லை.
அதில் இப்போது கடுகு.
இடுப்புயரம். மஞ்சள் கட்டத் தொடங்கிவிட்டது.

நான் காவல்.
பதினான்கு வருஷம் இதே இடத்தில்
சைலன்சர்களுக்கு முகம் தெரியப் பளபளப்பு ஏற்றியவன்.
குரோம் ஆவி என் மூக்கின் நடுச்சுவரில்
மிளகளவு ஓர் ஓட்டை போட்டது.
மூச்சு விட்டால் விசில்.
வாசனை கிடையாது. தாளிப்பு எனக்கு வெறும் சத்தம்.

"வேர் குடிக்கும், இலை வைத்துக்கொள்ளும்" என்றார்
ஆய்வகத்திலிருந்து வரும் சௌபர்ணிகா.
பூ முற்றும் முன் அறுக்க வேண்டும்.
உலர்த்தி, எரித்து,
சாம்பலை டிரம்மில் அடைத்து முத்திரை வைக்க வேண்டும்.
பிறகு மறுபடி விதை.
எத்தனை தடவை மேடம் என்றேன்.
மழை வருமா என்று கேட்டதுபோல் அண்ணாந்து பார்த்தார்.
மண்ணைப் பையில் அள்ளி எண் எழுதினார்.
என் ரத்தத்தையும் ஒருமுறை இப்படித்தான்
எண் போட்டு எடுத்துப் போனார்கள்.
ரிப்போர்ட் முதலாளிக்குப் போனது.

ராத்திரி டார்ச் அடித்துப் பார்ப்பேன்.
குடிக்கிற சத்தம் இல்லை.
வடமூலையில் மட்டும் செடி முழங்காலைத் தாண்டவில்லை.
அந்தப் பக்கெட்டுகளைக் கவிழ்த்தது யாரென்று எனக்குத் தெரியும்.
எலுமிச்சம்பழ நிறத் தண்ணீர்.
ஒரு பக்கெட்டுக்கு ஒரு பீடி நேரம்.

வேலிக்கு அந்தப் பக்கம்
ராய்ச்சூர்க்காரர்களின் நீலத் தார்ப்பாய்.
பொழுது சாய்ந்தால் ஹுலிகெம்மா வருவாள்,
இடுப்பில் பிள்ளை, கையில் விரித்த முந்தானை.
"சொப்பு" என்பாள்.
அவள் பாஷையில் கீரை.
என் பாஷையில்
பிள்ளைகள் மண்சோறு பொங்கும் சின்னச் சட்டிபானை.
இந்தக் கொல்லைக்கு என் பாஷைதான் சரி.
ஆக்கலாம், பரிமாறலாம்,
வாயில் வைக்கக் கூடாது.

விஷம் என்றேன், தெரிந்த கன்னடத்தில்.
அவள் ஓர் இலையைப் புரட்டினாள்.
"விஷத்துக்கா இந்தத் தளதளப்பு?
பூச்சிகூடத் தொடவில்லை, பார்."
அதைத்தானம்மா சொல்கிறேன்.

கஞ்சப்பயல் என்று எடுத்துக்கொண்டாள்.
மண்டையோட்டுப் பலகை ஒன்று மாட்டினார்கள்.
பிள்ளை அதற்கு டாட்டா காட்டியது.
மூன்றாம் நாள் வேறு வழியில்லை.
துடைப்பத்தில் ஓர் ஈர்க்கு உருவி, வளைத்து,
வலது மூக்கில் விட்டேன்.
நுனி இடது மூக்கில் எட்டிப் பார்த்தது.

"இந்த மண் செய்ததா?"
இல்லை, மண்ணுக்கும் எனக்கும் ஒரே தொட்டி.
முந்தானையை உதறினாள்.
ஒன்றும் இல்லாத முந்தானை.
இரண்டு தரம் உதறினாள்.

அறுத்தோம். ஒன்பது மூட்டை.
எரித்தால் ஒரு பால்பாத்திரம் நிறையலாம்.
எனக்குள் எதை விதைப்பீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன்.
சௌபர்ணிகா எடை குறித்துக்கொண்டிருந்தார்,
தசமப் புள்ளியை அழித்து, திரும்ப வைத்து.

மறுநாள் யஷ்வந்த்பூர் சந்தையில்
தண்டுக்கீரை இரண்டு கட்டு வாங்கி
வேலிமேல் வைத்தேன்.
எடுக்கவில்லை. முதலில் இலையைப் புரட்டினாள்.
சல்லடை. அத்தனையும் பூச்சி தின்றது.
என்னைப் பார்த்தாள்.
ஓட்டை நல்லது என்றேன்.
மூக்கு விசிலடித்தது.