மிச்சம்

இருபத்தாறு வருஷமாய்ப் பேருந்து ஓட்டுகிறேன்.
எந்த முனையத்தில் எந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை,
எந்தக் கோப்பிக்கடையில் இருபது காசு கேட்பார்கள்,
எந்தப் பெட்ரோல் நிலையத்தில்
சாவி தேடுவதற்குள் சிக்னல் மூன்று முறை மாறும்,
எல்லாம் அத்துப்படி.
இந்தத் தீவை வரையச் சொன்னால்
கழிவறைகளை வைத்துத்தான் வரைவேன்.

போன வருஷம்தான் கவனித்தேன்.
பக்கத்தில் வந்து நிற்கும் பையன்
திறந்து, முடித்து, கை கழுவி,
கைப்பேசியில் யாரையோ திட்டிக்கொண்டே போய்விடுகிறான்.
நான் இன்னும் சுவரோடு பேச்சுவார்த்தையில்.
அடுத்தவன் வருகிறான். அவனும் போகிறான்.
வந்தால் நூல்.
நூலும் நடுவில் அறும்.
ஸ்டியரிங்கைப் பிடித்த பிறகு
காற்சட்டையில் ஐம்பது காசு அளவு ஈரம்.

இரவில் நாலு முறை எழுந்தேன்.
பத்மாசனி ஒன்றும் கேட்கவில்லை.
தண்ணீர்ப் போத்தலை மட்டும்
என் தலைமாட்டிலிருந்து நகர்த்தி வைத்தாள்.

ஆத்திரத்தை அடக்கினாலும்
மூத்திரத்தை அடக்க முடியாது என்பார்கள்.
சொன்னவன்
விட முடியாதவனைப் பார்த்ததில்லை.

சளிக்கென்று கடையில் வாங்கிய மாத்திரை, இரண்டு.
மூக்கு திறந்தது.
கீழே மூடிக்கொண்டது.
ஒரு மணி. இரண்டு மணி.
குழாயைத் திறந்துவிட்டு வாளியில் விழும் சத்தம் கேட்டேன்;
அதற்கு வந்தது, எனக்கு வரவில்லை.
அடிவயிறு பிள்ளைத்தாச்சிபோல் மேடு தட்டி நின்றது.

ஒன்பதாம் மாடியிலிருந்து இறங்கினோம்.
எங்கள் புளோக்கின் பழைய லிஃப்டில்
எவனாவது பெய்தால் அந்தக் காலத்தில்
ஆளை உள்ளே வைத்தே கதவு பூட்டிக்கொள்ளும்.
வலியோடு சிரித்துவிட்டேன்.
அன்றைக்கு மட்டும் முடிந்திருந்தால்
அபராதத்தை இரட்டிப்பாய்க் கட்டியிருப்பேன்.

ஈசூன் மருத்துவமனை, அவசரப் பிரிவு.
தாதி நூர்ஹயாத்தி மூச்சை இழுக்கச் சொன்னாள்.
குழாய் போன வழியைப் பற்றிப் பேசமாட்டேன்.
பை நிறைந்தது,
ஒரு லிட்டருக்கு ஐம்பது மில்லி குறைவு.
தமிழும் வரவில்லை, ஆங்கிலமும் வரவில்லை.
தெரிமா காசி என்றேன்,
மூன்று முறை.

குழாயை எடுத்த வாரம்
புனலுக்குள் பெய்யச் சொன்னார்கள்.
இயந்திரம் ஒரு கோடு போட்டது.
மலையாய் ஏறி இறங்க வேண்டுமாம்;
என் கோடு சாங்கி ஓடுபாதை.
வயிற்றில் பசை தடவிப் பார்த்தார்கள்:
உள்ளே இன்னும் இருநூறு மில்லி மிச்சம்.
மிச்சம் பிடி, மிச்சம் பிடி என்று வளர்த்தவர்கள்
இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

டாக்டர் லியோங் தாளின் முதுகில் வரைந்தார்:
பை, அதன் கழுத்து,
கழுத்தைச் சுற்றி ஒரு சுரப்பி.
வயதோடு வீங்கி வழியை நெரிக்கிறது.
புற்று இல்லை.
பை முக்கி முக்கித் தடித்துவிடும்,
அப்புறம் ஒருநாள் ஓய்ந்துவிடும்,
சிறுநீரகம்வரை சேதம் ஏறலாம்;
அதற்குமுன் வந்தீர்கள்.
மாத்திரை முதலில். கேட்காவிட்டால் அறுவை.

எல்லோருக்கும் இதே காரணம் இல்லை என்றார்.
சிலருக்குக் கல், சிலருக்குப் பழைய தழும்பு.
பெண்களுக்கும் வரும்,
உள்ளுறுப்பு இறங்கி வழியை மடக்கினால்.

பத்மாசனி கைப்பையை மடியிலிருந்து எடுத்துத்
தரையில் வைத்தாள்.

நாலு முறை நான் எழுந்த இரவுகளில்
நாலு முறையும் அவள் கண் திறந்திருந்தது.
என்னால் விழித்தாள் என்று
இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

"டாக்டர், ஒரு கேள்வி" என்றாள்,
என்னைப் பார்க்காமல்.

அவர் புதுத் தாள் எடுத்தார்.