கூறு

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு,
திருப்பூர் மங்கலம் ரோட்டில்,
மூடிப்போன சாயப்பட்டறைக்குப் பின்னால்
முப்பது சென்ட்டில் நாங்கள் ஒன்பது பேர்.
விற்கிறவரைக்கும் வைத்துக்கொள்ளுங்கள் என்பது
இடத்துக்காரர் சொன்ன தவணை.
அவர் கார் ரோட்டில் மெதுவானால்
எங்கள் மண்வெட்டிச் சத்தமும் மெதுவாகும்.

முதல் வருசம் கொத்திய இடமெல்லாம் நூல்.
எலாஸ்டிக், கழுத்துப்பட்டி,
எம் சைஸ் என்று எழுதின லேபிள்.
ஒரு முழம் ஆழத்தில் மண் ஊதா.
போர்த் தண்ணியை நாக்கில் வைத்துப் பார்த்து
"உப்புமில்லீங், கசப்புமில்லீங், கம்பெனி ருசி"
என்றார் ராக்கியப்பன்.
எட்டு லோடு செம்மண், நாலு லோடு சாணி.
சாணிக்குக் காசு போடாதவர் பேர்
இன்னும் நோட்டில் சிவப்பில் இருக்கிறது.
(என் பேர்தான். அடுத்த சம்பளத்தில் கட்டிவிடுவேன்.)

பிறகு காய்த்தது.
கத்திரி, வெண்டை, பொரியல் தட்டை,
மயில் கொத்தின தக்காளி.
மயிலைத் திட்டலாம், தொடக்கூடாது.
தமயந்தி ரெண்டு ஷிப்டுக்கும் சேர்த்துத் திட்டுவாள்.

கூறு போடுவது இப்படி:
பழைய ஃபிளெக்ஸை விரித்து ஒன்பது குவியல்.
பிஞ்சும் முற்றலும் கலந்து,
கண்ணால் நிறுத்து, கையால் திருத்தி.
அப்புறமும் யாரோ ஒரு மிளகாயை
இதிலிருந்து எடுத்து அதில் வைப்பார்கள்.
ஒருத்தர் முதுகைக் காட்டி நிற்க
இன்னொருத்தர் குவியலைத் தொட்டு
"இது ஆருக்கு?" என்பார்.
முதுகு பேர் சொல்லும்.
அத்தோடு பேச்சில்லை.
வியாழக்கிழமைத் தண்ணிச் சண்டைகூட
அந்த முதுகிடம் வாயடைத்துவிடும்.

பித்யாதர் ஊருக்குப் போனது சித்திரையில்.
ஒடிசா. தங்கச்சி கல்யாணம். பதினைஞ்சு நாள் என்றான்.
ஆடி வந்துவிட்டது.
அவன் பான்மசாலாப் பொட்டலத்தில் கொண்டுவந்த விதை
வேலியில் ஏறி, தடித்த இலையாய், சிவந்த தண்டாய்,
ஆறு வாரம் யாரும் தொடாமல் நின்றது.
விஷமாக இருந்தால்?
தெய்வாத்தாள்தான் ஒருநாள் கிள்ளி மென்று
"அட, கொடிப்பசலை" என்றாள்.
மறுவாரம் வேலியில் பாதி காணோம்.

போன ஞாயிறு முதுகாய் நின்றது நான்.
எட்டுக் குவியல்தான் போட்டிருந்தார்கள்.
பழக்கத்தில் ஐந்தாவதுக்குப் பித்யாதர் என்றுவிட்டேன்.
கடைசியில் குவியல் ஒன்று, பேர் ரெண்டு மிச்சம்,
கிறிஸ்துராஜும் நானும்.
பிரிச்சுக்கலாம் என்றார்கள்.
வித்து எழுதி வைக்கலாம் என்றார்கள்.
"வராதவனுக்கு எதுக்குங் கூறு?" என்றான் பூபதி.
பித்யாதருக்கு ரயில் டிக்கெட் எடுத்துக் கொடுத்தவன் அவன்தான்.
மைமூன் போன் போட்டாள்.
திரையில் மழை, தகரம், ஆட்டுக்குட்டியின் பாதி.
"வயல் நடவு அக்கா. தீபாவளி பின்னாடி வர்றேன்.
ரூம்ல தம்பி இருக்கான், அவனுக்குக் குடு.
மிளகாய் ஜாஸ்தி போடு."

இன்று தம்பி வந்தான். பாசுதேவ்.
பத்தொன்பது வயசு, அயர்னிங் செக்‌ஷன்,
கையில் துணிக்கடைப் பை.
தமிழ் மொத்தம் பதினைந்து வார்த்தை.
அதில் ஆறு சூப்பர்வைசர் கற்றுக்கொடுத்தது,
பெண்கள் முன்னால் சொல்ல முடியாதது.
"புதுசுதான் முதுகு" என்றார் ராக்கியப்பன்.

"இது ஆருக்கு?"
அவனுக்குத் தெரிந்த பேர் மூன்று,
கம்பெனி பஸ்ஸில் கூட வருகிறவர்கள்.
மைமூன்.
பூபதி.
சிலம்பாயி அக்கா.
நாலாவதுக்கு நெடுநேரம்
சாயப்பட்டறைச் சுவரைப் பார்த்தான்.
திரும்பக் கூடாது என்பது மட்டும்
நன்றாகப் புரிந்திருந்தது.
தன் பேரைச் சொல்லலாமென்று தோன்றவில்லை.
"சிலம்பாயி அக்கா" என்றான்.
ஐந்தாவதும் சிலம்பாயி அக்கா.
ஒன்பதுவரைக்கும் அவளேதான்.

ஏழு குவியலுக்கு முன்னால்
இடுப்பில் கைவைத்து நின்றாள் சிலம்பாயி.
சம்பளம் பதினோராயிரம், வாடகை நாலு.
இத்தனை வெண்டை ஒருநாளும்
அவள் பேரில் இருந்ததில்லை.
"சீக்கிரம் வாங்கீட்டுப் போங்க,
குழாய்ல தண்ணி வர்ற நேரம்"
என்று ஒவ்வொன்றாய் நீட்டினாள்,
முதலில் அந்தப் பையனுக்கு.

என் குவியலில் மிளகாய் இல்லை.
கேட்கலாமா என்று நினைத்தேன்.
நோட்டில் சிவப்பு.
கேட்கவில்லை.