பதினேழு

அல் அய்னில் இன்று காற்றுக்கு நிறம் இருக்கிறது.
ஜெபல் ஹஃபீத் மலையைக் காணோம்.
உள்ளே, விலங்குக் கூடத்தில்
மணிக்குப் பதினைந்து தடவை காற்று மாறும்.
தூசி கிடையாது. இருபத்திரண்டு டிகிரி.
நான் இதுவரை படுத்த எந்த அறையையும்விட
நல்ல அறை, இந்தச் சீமைப்பெருச்சாளிகளுடையது.

மூன்று வாரமாக
முட்டை வெள்ளையின் புரதத்தை
முதலில் ஊசியில், பிறகு பனிபோல் தூவி
இவற்றின் நெஞ்சுக்கு ஒரு பகையைப் பழக்கினோம்.
அந்த மூன்று வாரமும் கேன்டீனில்
காலையில் எனக்கு அவித்த முட்டைதான்.
கையை மூன்று முறை கழுவிவிட்டு வருவேன்.

மருந்துக் குப்பிகளில் பெயர் இல்லை, குறிதான்.
ஒன்றில் டெக்ஸாமெத்தசோன்,
ஒன்றில் இண்டோமெத்தசின்,
ஒன்றில் வெறும் உப்புநீர்.
எது யாருக்கு என்பது டாக்டர் ஹெஸ்ஸாவின்
பூட்டிய இழுப்பறைக்கு மட்டும் தெரியும்.

பதினேழைப் பெட்டிக்குள் இறக்கினேன்.
நானூற்றுப் பன்னிரண்டு கிராம். இடது காதில் பழுப்புத் திட்டு.
மெத்தகோலின் ஆவி:
கொஞ்சம்,
அதில் இருமடங்கு,
அதிலும் இருமடங்கு.
திரையில் கோடு எழும்பியது.
முன்னங்கால்களை ஊன்றி, கழுத்தை நீட்டி,
விலாவை உள்ளே இழுத்து இழுத்து
நின்றதே,
அந்த நிலை எனக்குத் தெரியும்.

"போதும்" என்றார் இத்ரீஸ். வால்வைத் திறந்தேன்.

மறுநாள் அதன் நுரையீரலைக் கழுவிய நீரில்
சாயம் ஏற்றிப் பார்த்தார்கள்.
பக்கத்துக் கூண்டுக்காரர்களின் கண்ணாடித் துண்டெல்லாம்
சிவந்த மணிகள், மழைக்குப் பின் ஈசல் மாதிரி.
பதினேழுடையதில் ஒன்றிரண்டுதான்.
குறியை உடைத்தார்கள்: டெக்ஸாமெத்தசோன்.
வீக்கம் முழுக்க வடிந்திருக்கிறது.
அப்புறம் ஏன் அந்தக் கோடு அவ்வளவு ஏறியது?

டாக்டர் ஹெஸ்ஸா என்னிடம் இரண்டு தடவை கேட்டார்,
அளவு தவறியதா என்று.
தவறவில்லை.
"அப்படியானால் எழுதிக்கொள்ளுங்கள்" என்றார்,
"அழற்சி இல்லை. சுருக்கம் இருக்கிறது."

முஸஃபா கேம்பில் எனக்கு மேல் கட்டில் செவத்தையா.
கம்பெனி டாக்டர் இன்ஹேலர் கொடுத்தார்,
ஒரு மாதத்தில் எக்ஸ்ரே சுத்தம்,
வேலைக்குத் தகுதி என்று முத்திரையும் விழுந்தது.
அதற்குப் பிறகும்
யாராவது பக்கூர் புகைத்தால், சிமென்ட் மூட்டை பிரித்தால்,
கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு
கழுத்தை நீட்டி நிற்பான்.
"டாக்டரே சரியாயிடுச்சுங்கிறார்,
நைட் ஷிஃப்டுக்கு ஏன்டா நடிக்கிறே" என்று
சொன்னது ஃபோர்மேன் இல்லை.
நான்.

அவன் எண் இப்போது யாரோ பாகிஸ்தானியிடம் இருக்கிறது.
இரண்டு தடவை அடித்தேன்.

கூண்டைக் கழுவினேன். அட்டையைக் கழற்றினேன்.
பதினேழு என்று எழுதிய ஸ்டிக்கர்
விரலில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது.
பஸ்ஸுக்கு வெளியே வந்ததும்
முதல் வாய் மணல்.
இருமினேன்.
பக்கத்தில் நின்றவன் திரும்பிப் பார்த்து,
கொஞ்சம் தள்ளி நின்றான்.